சிங்கப்பல்லுக்காரி

சரண்யாவுக்கு மேல்வரிசையில் இரண்டு பக்கமும் சிங்கப்பல். பள்ளிக்கூடத்தில் அவளைக் காட்டேரி என்றுதான் கூப்பிட்டார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு வருகிறவள், ஒரு லீவு நாளில் டிவியில் தமிழ் பேசிய இங்கிலீஷ் ரத்தக்காட்டேரிப் படம் ஒன்றைப் பார்த்தாள். கறுப்பு அங்கி போட்ட ஒருத்தி உதட்டை விலக்கிச் சிரித்ததும் ஊரே நடுங்கியது. அன்றோடு அழுகை நின்றது. அந்த வகைப் படம் ஒன்றையும் விடவில்லை. எவனாவது பல்லை முறைத்தால் நன்றாகவே திறந்து காட்டினாள்.

தி.நகர் துணிக்கடையில் சேல்ஸுக்குச் சேர்ந்த பிறகுதான் அந்தப் பல்லுக்கு ஒரு மரியாதை வந்தது. போன அக்டோபரில் ஹாலோவீன் விற்பனை என்று கடைவாசலில் பேய் வேஷம் கட்டினார்கள். மற்றப் பெண்களுக்குப் பிளாஸ்டிக் பல், அவளுக்குத் தேவைப்படவில்லை. அவள் சிரித்த ரீல்ஸை அவள் குடியிருந்த மந்தைவெளி முழுக்கப் பார்த்தது. ‘மச்சி, சொந்தப் பல்லுடா’ என்று கீழே எழுதினார்கள்.

அம்மா ஜெயபாரதிக்கு அது மானக்கேடு. சித்தாள் வேலையில் மணல் சுமந்து உச்சந்தலை மயிர் தேய்ந்தவள். முன்னே வந்த வரன்கள் பல்லைப் பார்த்துவிட்டு, பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் போய்விட்டார்கள். அடையாறு ஏசி மெக்கானிக் ஹரி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொன்னதும், தரகரிடம் வாய் மூடிய போட்டோவைக் கொடுத்து, “அந்த ரீல்ஸ் பத்தி மூச்சு வுடாத நைனா” என்றாள். சனிக்கிழமை மகளைப் பல் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

“கம்பி கட்டினா வரிசைக்கு வந்துடும்மா. நல்ல பல்லு. எதுக்குப் புடுங்கணும்?”

“நாளைக்கு வராங்க சார்.”

“நான் வாயத் தொறக்க மாட்டேன்” என்றாள் சரண்யா.

“தொறக்காத. எனக்கு இன்னும் மண்ணு சொமக்கத் தெம்பு கீது. அது போனதும் சட்டிய நீ வாங்கிக்க.”

ஹரியின் போட்டோவைச் சரண்யா போனில் திரும்பத் திரும்பப் பார்த்திருந்தாள். வாயைத் திறந்தாள்.

வேர் ஆழமாக இருந்தது. எலும்பு முறிகிற சத்தம் அவள் மண்டைக்குள் கேட்டது. பிடுங்கிய பற்களுக்குக் கை நீட்டினாள்.

“மாலை கோக்கப் போறியா?” ஜெயபாரதி குப்பைக்கூடையில் போட்டாள்.

சூடாகக் குடிக்காதே, துப்பாதே, புண் திறந்துகொள்ளும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் ஜெயபாரதி மகளின் வீங்கின கன்னத்தில் பவுடர் அப்பி உட்கார வைத்தாள். “தலையக் குனிஞ்சிக்கினு குந்து. வெக்கம்னு நெனச்சிக்குவாங்க.”

ஹரியின் அம்மா விஜயலக்ஷ்மி நல்ல மாதிரி. “நீயும் குடிம்மா. எங்க வூட்ல எல்லாம் ஒண்ணாதான் குடிப்போம்” என்று ஆவி பறக்கும் காபியைக் கையில் திணித்தாள். மறுக்க முடியவில்லை. ஒரே மிடறுதான். புண் திறந்துகொண்டது. வந்ததைச் சரண்யா விழுங்கினாள். துருப்பிடித்த இரும்பு மாதிரி இருந்தது.

ஹரி தொண்டையைச் செருமினான். “ஆன்ட்டி, தரகரு போட்டோ காட்டறதுக்கு முன்னாடியே எனக்கு இவங்களத் தெரியும். அந்தக் கடைவாசல் ரீல்ஸு! எனக்கும் சின்னதுலேர்ந்து ரத்தக்காட்டேரிப் படம்னா உசுரு. தரகரத் தேடிப் புடிச்சதே நான்தான், ரீல்ஸப் பத்தி அவராண்ட சொல்லல.”

“கட்டினா அந்தச் சிங்கப்பல்லுக்காரியத்தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்” என்றாள் விஜயலக்ஷ்மி. “எங்க, ஒருதரம் சிரிம்மா.”

சரண்யா அம்மாவைப் பார்த்தாள். ஜெயபாரதியின் முகம் சிமெண்ட் பூசினதுபோல் இறுகிக் கிடந்தது.

சிரித்தாள்.

இரண்டு ஓட்டையிலிருந்தும் ரத்தம் பல்வரிசைக்கு வழிந்து, மோவாயில் சொட்டி, ரோஸ் புடவையில் விழுந்தது. ஹரி துள்ளி எழுந்தான். அவன் கண்ணில் அந்தப் படத்து ஊர்க்காரர்களின் பயம். சரண்யா அதை ஆசையாகப் பார்த்தாள். கண்ணிமைக்கும் நேரம்தான், அப்புறம் வெறும் அருவருப்பு.

“புடுங்கிட்டோம் தம்பி… உங்களுக்காகத்தான்” என்றாள் ஜெயபாரதி.

“நான் கேட்டனா?”

விஜயலக்ஷ்மி டம்ளரைக் கீழே வைத்தாள். படியிறங்கும்போது ஹரி சொன்னது மேலே தெளிவாகக் கேட்டது: “பல்லு இல்லாட்டி சாதா மூஞ்சிதாம்மா.”

ஜெயபாரதி கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“சிரின்னா சிரிச்சுடுவியா? வாய மூடிக்கினு குந்தியிருந்தா முடிஞ்சிருக்கும்ல?”

சரண்யாவின் வாய் மறுபடி நிறைந்தது. துப்பக்கூடாதே. விழுங்கினாள்.

“இதுங்க பஜ்ஜியக்கூடத் தொடல” என்றாள் ஜெயபாரதி. தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். “உன்னாலயும் மெல்ல முடியாது.”

ஒன்றைக் கடித்தாள்.