தூக்கிய கம்பு

யோடோக்கும் அவன் அக்காள் புருஷன் ஓத்மாரும் மலைக்குடிலின் கூரையில் பனி வாரப் போய்க்கொண்டிருந்தார்கள். குளிர்காலத்தில் அங்கே ஆள் கிடையாது. நாள்கணக்கில் கொட்டிய பனி அன்றுதான் ஓய்ந்திருந்தது, காற்று ஓயவில்லை. பனிச்சரிவு எச்சரிக்கை மூன்றாம் நிலை என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் நேர்வழியை விட்டு, காட்டுக்குள் சுற்றி ஏறினார்கள். எப்படிச் சுற்றினாலும் கடைசியில் ஓடைச் சரிவைக் கடந்துதான் ஆகவேண்டும்.

காட்டு விளிம்பில் யோடோக் நின்றான்.

"திரும்பிடலாமா மச்சான்? காத்து எல்லாப் பனியையும் இங்கதான் கொண்டாந்து கொட்டிருக்கு."

"கூரை இறங்கிருச்சுன்னா குடில்காரனுக்கு நீ பதில் சொல்லுவியா? நான் முன்னால போறேன். உன் கனத்துக்கு மலையே கீழ வந்துரும்."

"அக்கா சோத்தைத் தின்னு யாரு ஊதிருக்கான்னு ஊருக்கே தெரியும்."

"அந்தச் சோத்துக்கே தப்பிச்சவன்டா நான். பனி என்ன பண்ணும்?"

சிரித்துக்கொண்டே ஓத்மார் சறுக்குக் கட்டைகளைச் சரிவில் இறக்கினார்.

அங்கே ஒருவர் பின் ஒருவராகத்தான் கடப்பார்கள். முதலில் போனவர் எதிர்ப்பாறையின் மறைவுக்குப் போய்ச் சேர்ந்ததும் கையில் ஊன்றிவரும் சறுக்குக் கம்பைத் தலைக்கு மேலே தூக்குவார். அதைப் பார்க்கும்வரை அடுத்தவர் அசையக் கூடாது. காற்றில் குரல் எட்டாது என்பதால் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் இதுதான் பழக்கம்.

ஓத்மார் சின்ன உருவமாகிப் பாறையை நெருங்கினார். வெயில் பனியில் பட்டு யோடோக்கின் கண்ணைக் கூசவைத்தது. கம்பு உயர்ந்தது. அவன் இறங்கினான்.

காலுக்கடியில் மலை பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம். பனியில் ஒரு கோடு ஓடியது. அவன் ஓரத்தில் விழுந்தான். முழங்கால்வரை புதைத்ததோடு அவனை விட்டுவிட்டுச் சரிவு மொத்தமாகக் கீழே போனது. பாறைக்குக் கொஞ்சம் இப்பால், திறந்த சரிவிலேயே ஓத்மார் நின்றிருந்தார். பிறகு அங்கே அவர் இல்லை.

மீட்புக் குழுவுக்குப் போன் போட்டான். புதைந்தவரைக் கண்டுபிடிக்க இருவருமே மார்பில் கட்டியிருந்த கருவியில் தன்னுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு, கட்டி கட்டியாக உடைந்து கிடந்த பனிமேல் ஓடினான். கருவியில் தூரம் காட்டும் எண் குறைந்துகொண்டே வந்தது. நீளக் கம்பியை விட்டு விட்டுக் குத்தினான். ஓரிடத்தில் மெத்தென்று தட்டியது. மண்வாரியால் வாரித் தள்ளினான்.

மூச்சு வாங்க ஒருமுறை நிமிர்ந்தபோதுதான் பார்த்தான். உச்சி முகட்டில் மலையாடுகள் வரிசையாக நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தன.

அவனுக்குப் புரிந்துவிட்டது. எங்கே மலையாட்டைக் கண்டாலும் ஓத்மார் கம்பைத் தூக்கிக் காட்டாமல் இருக்கமாட்டார். எத்தனை, அதில் குட்டி எத்தனை என்று எண்ணி வைத்துக்கொண்டு, ராத்திரிச் சாப்பாட்டில் அக்காள் ஆகாத்தாவிடம் சொல்வார். அவள் தலையாட்டிக்கொண்டே தட்டில் இன்னும் கொஞ்சம் வைப்பாள்.

முகம் தெரிந்தபோது வாயைச் சுற்றி மெல்லிய பனிக்கட்டி மூடியிருந்தது. அவர் விட்ட மூச்சே உறைந்து அடைத்திருந்தது. அதை உடைத்து வாயில் ஊதினான், நெஞ்சை அமுக்கினான். குழு வந்து தோளைத் தொட்டு இழுக்கும்வரை அவன் நிறுத்தவில்லை.

ஆகாத்தாவுக்குச் செய்தி முன்னாலேயே போயிருந்தது. அடுப்பில் பாலாடைக்கட்டியும் மாவும் கிண்டிய சட்டி ஆறிக் கிடந்தது. அவள் மேசையருகே உட்கார்ந்திருந்தாள். ஈரக் கையுறையைக்கூடக் கழற்றாமல் யோடோக் எதிரில் உட்கார்ந்தான். சொல்ல வேண்டியதை இறங்கும் வழியெல்லாம் கூட்டி வைத்திருந்தான்.

"கம்பத் தூக்குனாராடா?"

"இல்லக்கா. நான்தான் பொறுக்காம இறங்கிட்டேன்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். சின்னப்பிள்ளையாக அவன் பொய் சொன்னபோதெல்லாம் பார்த்த அதே பார்வை.

"மேல ஆடு நின்னுச்சா?"

அவன் மேசையைப் பார்த்தான்.

"எத்தன?"

"ஏழு."

"குட்டி?"

"ரெண்டுக்கா."

அவள் தலையாட்டினாள். கை தானாகக் கரண்டியை எடுத்தது. எந்தத் தட்டில் வைப்பதென்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.