ஏழாம் நம்பர் பெண்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டேகாலுக்கு மஞ்சக்குப்பத்தில் பொன்னுரங்கம் வீட்டு அடுப்பில் கேசரிக்கு ரவை வறுபட்டுக்கொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து மகள் ஜான்சி போன் செய்தாள். அன்று மதியம் மூன்று மணிக்கு அவளைப் பெண் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து வருகிறார்கள். விடியற்காலையே கிளம்பிவிடுவதாகச் சொல்லியிருந்ததால், எதுவரைக்கும் வந்திருக்கிறாய் என்றுதான் பொன்னுரங்கம் கேட்டார்.

"இன்னும் கெளம்பலப்பா. ஜாக்கிக்குக் காய்ச்சல். நாலாவது ரேஸ்ல மாங்கோ ஷவர் குதிரைய என்னையே ஓட்டச் சொல்லிட்டாங்க."

ஐந்து வருடங்களுக்கு முன்னால் ஒரு பந்தயக் குதிரை லாயத்தின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவள் ஜான்சி. நான்கு அடி பதினொரு அங்குலம், நாற்பத்தேழு கிலோ. கல்யாணத் தரகர்கள் குறை என்று சொன்ன உயரத்தை அங்கே பாக்கியம் என்றார்கள். குதிரை ஏறக் கற்றுக்கொண்டு, பயிற்சி முடித்து, நான்கு மாதங்களுக்கு முன்பு பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கி லைசென்ஸ் வாங்கியிருந்தாள். இதுவரை ஓட்டியது ஐந்து ரேஸ். அதில் சிறந்தது எட்டாவது இடம்.

கலெக்டர் ஆபீசில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற பொன்னுரங்கம், "ஹெல்மெட் வாரை நல்லா இறுக்கிப் போட்டுக்கோ," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அவர் மனைவி சின்னம்மாள் அடுப்பை அணைத்தாள். பிரச்சினை அதோடு நிற்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் அவள், மகள் கால்நடைத் துறை மாதிரி ஒன்றில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருந்தாள். இப்போது பெண்ணுக்குக் காய்ச்சல், வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். பொன்னுரங்கம் இரண்டு முறை எண்ணை அழுத்தி, மணி அடிக்கும் முன்பே துண்டித்தார். காய்ச்சல் வந்தது ஜாக்கிக்குத்தானே என்றார். மதியம் இரண்டு மணி தாண்டி, மூன்றாவது முறை அவர் துணிந்து பேசியபோது அவர்களுடைய வேன் பரங்கிப்பேட்டை முக்கைத் தாண்டிவிட்டிருந்தது. சின்னம்மாள் மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தாள்.

சரியாக மூன்று மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை அன்பரசு, மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். அவன் அம்மா தில்லையம்மாள், பள்ளித் தலைமை ஆசிரியை. அவர் பார்த்தாலே எதிரில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள். கூடவே அவர் தம்பி உத்திராபதி. கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, வெயிலைப் பற்றிப் பேச்சு வந்தது. கடைசியில் தில்லையம்மாள் தட்டைக் கீழே வைத்தார்.

"பொண்ணக் கூப்புடுங்கண்ணே."

பொன்னுரங்கம் எழுந்து நின்றார். அறிக்கை வாசிப்பவர் போல, பெண் வீட்டில் இல்லை, பெங்களூரில் இருக்கிறாள், மூன்றரைக்கு ரேஸ் ஓட்டப் போகிறாள் என்று சொல்லி முடித்தார். பைக் ரேஸா என்று கேட்டார் உத்திராபதி. குதிரை ரேஸ் என்றதும் அவர் கையிலிருந்த பஜ்ஜி தட்டுக்கே திரும்பிப் போனது.

"அது சூதாட்டம் இல்லியா?" என்றார் தில்லையம்மாள்.

பணம் கட்டுவது பார்க்க வருகிறவர்கள் என்றும், ஓட்டுகிறவர்கள் கட்டவே கூடாது, கட்டினால் லைசென்ஸ் போய்விடும் என்றும் பொன்னுரங்கம் விளக்கினார். தில்லையம்மாள் தட்டை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். சின்னம்மாள் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்பரசு கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "மணி மூணு இருபத்தாறு. உங்க டிவில நெட் வருமா மாமா?"

வந்தது. திரையில் பத்துக் குதிரைகளை ஒவ்வொன்றாக இரும்புக் கூண்டுகளுக்குள் நுழைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் தலையிலும் தொப்பி, கண்ணில் கண்ணாடி. நம்ம பெண் எது என்று தில்லையம்மாள் கேட்டார். ஏழாம் நம்பர், பச்சைச் சட்டை, மஞ்சள் தொப்பி என்றாள் சின்னம்மாள். 'நம்ம பெண்' என்ற சொல் அவள் காதில் விழுந்தும் நம்ப முடியவில்லை.

கதவுகள் திறந்தன. ஆயிரத்து நானூறு மீட்டர். ஒன்பது குதிரைகள் பாய்ந்தன. மாங்கோ ஷவர் யோசித்துவிட்டுக் கிளம்பியது. முதல் அரை நிமிடம் பச்சைச் சட்டை கடைசியிலேயே இருந்தது. பரவாயில்லை, பத்திரமாக வந்தால் போதும் என்று பொன்னுரங்கம் முணுமுணுத்தார். வளைவில் முன்னால் போன குதிரைகள் கொஞ்சம் அகலமாகத் திரும்ப, உள்வேலியை ஒட்டி ஓர் ஆள் நுழையுமளவு சந்து விழுந்தது. பச்சைச் சட்டை குதிரையின் கழுத்தோடு ஒட்டிப் படுத்து அந்தச் சந்துக்குள் புகுந்தது.

எட்டு. ஆறு. நான்கு. ஆங்கிலத்தில் வர்ணனை செய்தவர் அதுவரை சொல்லாத பெயரைச் சொல்லத் தொடங்கினார். உத்திராபதி சோபாவின் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்து தன் தொடையிலேயே தட்டி ஓட்டினார். தில்லையம்மாள் எழுந்து டிவிக்கு ஒரு முழம் தள்ளி நின்று, இருபத்தெட்டு வருடம் பள்ளி மைதானத்தில் பழகிய குரலில், "தலையத் தூக்காத, ஓடு" என்று கத்தினார். சின்னம்மாள் எப்போது வந்து அவர் முழங்கையைப் பிடித்தாள் என்று இருவருக்குமே தெரியாது.

இரண்டு குதிரைகள் ஒன்றாகக் கோட்டைத் தாண்டின. யார் முதல் என்று போட்டோ பார்த்துத்தான் சொல்வார்களாம். நான்கு நிமிடம் யாரும் உட்காரவில்லை. அன்பரசு ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்துக் குடிக்காமல் திருப்பி வைத்தான்.

ஏழாம் நம்பர். மூக்கு நுனி வித்தியாசம்.

பொன்னுரங்கம் சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தத் தெரியவில்லை. உத்திராபதி அவரைத் தூக்க முயன்று பாதியில் விட்டுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் நிச்சயமே முடிந்துவிட்டதென்று எட்டிப் பார்த்து வாழ்த்தினார்கள். அவர்களுக்கும் கேசரி போனது.

முக்கால் மணி நேரம் கழித்து வீடியோவில் வந்தாள் ஜான்சி. கண்ணாடி மறைத்த இடம் தவிர முகமெல்லாம் மண். சிதம்பரத்து ஆட்களைப் பார்த்ததும் சிரிப்பு உறைந்தது. மன்னிக்கச் சொல்லி ஆரம்பித்தவளைத் தில்லையம்மாள் கையமர்த்தினார்.

"உன்னப் பாக்கத்தானே வந்தோம். நல்லாவே பாத்துட்டோம்."

பிறகு, விழுந்தால் என்ன ஆகும், எத்தனை வயதுவரை ஓட்டலாம் என்று இரண்டு கேள்விகள் கேட்டார். எலும்பு முறியலாம் என்றும், முடிகிறவரை ஓட்டுவேன், கல்யாணத்துக்காக விடமாட்டேன் என்றும் ஜான்சி மறைக்காமல் சொன்னாள். தில்லையம்மாள் கொஞ்சம் யோசித்து, நிஜத்தைச் சொல்கிற பெண் என்று தம்பியிடம் சொன்னார்.

"நான் இன்னும் அவரப் பாக்கலியே," என்றாள் ஜான்சி.

போன் அன்பரசு பக்கம் திரும்பியது. அவன் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டான்.

"கொஞ்சம் நடந்து காட்டுங்க. குதிரைய எடுக்குறதுக்கு முன்னாடி நாங்க அப்படித்தான் பாப்போம்."

அன்பரசு எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, சோபாவைச் சுற்றி இரண்டு முறை நடந்தான். இரண்டாவது சுற்றில் அவனுக்கே சிரிப்பு வந்து நடை கோணியது. கால் நன்றாக இருக்கிறது என்றாள் ஜான்சி.

அடுத்த வாரம் அவள் ஓட்டிய குதிரை ஒன்பதாவதாக வந்தது. தில்லையம்மாள் போன் செய்து ஆறுதல் சொல்லிவிட்டு, தை மாதத்தில் ரேஸ் இல்லாத ஒரு நாளைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார்.