தோட்டம் பார்க்க வந்தவள்

ஆவடி டாங்கி ஃபாக்டரி குவார்ட்டர்ஸுக்குள் வெளியாள் சும்மா நுழைந்துவிட முடியாது. எந்த வீட்டுக்கு, யாரைப் பார்க்க என்று வாசல் காவலாளி கேட்பான். அந்த வீட்டிலிருந்து ஒருவர் வந்து எங்கள் ஆள்தான் என்று சொன்னால்தான் உள்ளே விடுவான். நாகவல்லிக்கு அப்படிச் சொல்ல உள்ளே ஒரு மகள் இருந்தாள். சொல்வாளா என்பதுதான் தெரியவில்லை. அதனால் மூன்று வருஷமாக அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

எண்பத்தொன்பதாம் வருஷம் பொங்கல் கழிந்த வாரம், பாரிவாக்கத்தில் பக்கத்து வீட்டுக் கண்ணம்மா சேதி கொண்டுவந்தாள். அவள் குவார்ட்டர்ஸில் நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள்.

"வர்ற சனி, ஞாயிறு தோட்டம் பாக்குற நாளாம் நாகு. நல்லா வெச்சிக்கீறவங்களுக்குப் பரிசு தராங்கோ. யார் வேணா உள்ள போலாம், எந்த ஊட்டுத் தோட்டத்த வேணா பாக்கலாம். கேட்ல ஒண்ணும் கேக்க மாட்டான். உம் பொண்ணு ஊட்லகூட போர்டு மாட்டிக்கீது."

நாகவல்லி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் மகள் சாமுண்டீஸ்வரி, கூப்பிடுவது ஈஸ்வரி, அம்பத்தூரில் ஒரு தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். தினமும் அதே பஸ்ஸில் வந்த நாகேந்திரனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பையனுக்கு டாங்கி ஃபாக்டரியில் வேலை. மதுரைப் பக்கம். வேறு சாதி. நாகவல்லியின் புருஷன் செங்கல்வராயன் கத்தவில்லை, தேடிப்போய் அடிக்கவில்லை. மகள் போன பதினாறாம் நாள் குளத்தங்கரையில் தலையை மழித்துக்கொண்டு முழுகினார். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் கருமாதிச் சோறு போட்டார். அன்று சமைத்தது நாகவல்லிதான்.

சனிக்கிழமை அவருக்கு மதிய ஷிஃப்ட். அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் நாகவல்லி புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். பூந்தமல்லியில் பஸ் பிடித்து ஆவடியில் இறங்கி விசாரித்துக்கொண்டே நடந்தாள். கண்ணம்மா சொன்னது சரிதான். காவலாளி அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வானம் மூடிக் கிடந்தது. வீட்டுக்கு வீடு கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். செங்கல்லைச் சாய்த்துப் புதைத்துச் சுண்ணாம்பு அடித்த பாத்திகள். குரோட்டன்ஸ், டேலியா, தொட்டியில் ரோஜா. ஜனங்கள் குடும்பம் குடும்பமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். முதலிலேயே மகள் வீட்டுக்குப் போகத் தைரியம் வராமல் நாகவல்லி நாலு தோட்டங்களுக்குள் போய் நின்றாள். எதைப் பார்த்தோம் என்பது அவளுக்கு நினைவில் நிற்கவில்லை.

ஐந்தாவதாகப் போனது கண்ணம்மா அடையாளம் சொன்ன வீடு. அங்கே அவரைப் பந்தலின் கீழே ஈஸ்வரி நின்றிருந்தாள். முகம் கறுத்து, தோள் எலும்பு தெரிய இளைத்திருந்தாள். நாகவல்லியைக் கண்டதும் அவள் கையிலிருந்த பூவாளி சாய்ந்து தண்ணீர் காலில் கொட்டியது. வாய் திறந்தது. அதற்குள் வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

"வாங்கத்தா, உள்ள வாங்க. எங்கிட்டிருந்து வர்றீக?"

மாமியார்க்காரி. பஞ்சவர்ணம் என்று பெயர். இடுப்பில் ஒன்றரை வயசுக் குழந்தை. நாகவல்லி மகளைப் பார்த்தாள். ஈஸ்வரி லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்ற ஆட்டல் அது.

"பூந்தமல்லிப் பக்கம்மா. தோட்டம் பாக்கலாம்னு வந்தேன்" என்றாள் நாகவல்லி.

"அம்புட்டுத் தொலவுல இருந்தா! எல்லாம் எம் மருமக கைதேன். ஈஸ்வரி, கூட்டிட்டுப் போயிக் காட்டு."

ஈஸ்வரி காட்டினாள். இது அவரை, இது சாமந்தி, இது போன மழையில் வைத்த முருங்கை என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தாள். நாகவல்லி "ம்", "ம்" என்று பின்னால் போனாள். பஞ்சவர்ணமும் விடாமல் கூடவே வந்து பேசினாள்.

"தங்கமான பிள்ள. அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் ஒரே வருசத்துல போயிட்டாகளாம். மொகத்தக்கூட நாங்க பாக்கல. பாருங்க, பேத்திக்குச் செத்துப்போன ஆத்தா பேரத்தேன் வைக்கணும்னு ஒத்தக்கால்ல நின்டா. சரின்னு நாகவல்லின்னே வச்சோம். ஆமா, ஒங்க பேரென்ன?"

நாகவல்லி குழந்தையின் பக்கம் திரும்பினாள்.

"குப்பம்மா" என்றாள்.

பஞ்சவர்ணம் குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு மோர் கொண்டுவர உள்ளே போனாள். குழந்தை அவள் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தது. பிறகு உதட்டைப் பிதுக்கி வீறிட்டு அழுதது. ஈஸ்வரி சட்டென்று வாங்கிக்கொண்டாள்.

"ஏம்மா வந்தே?" குரல் காற்றாகத்தான் வந்தது.

"உன்னப் பாக்கணும்னு இருந்திச்சி கண்ணு. இளச்சிப் பூட்டியே."

"எனக்குக் கருமாதி பண்ணீங்க இல்ல? சோறு பொங்கிப் போட்ட இல்ல? கண்ணம்மாக்கா அப்பவே சொல்லிச்சி. கேக்குறவங்களுக்கு நான் இன்னா சொல்றது? என்னெ உசிரோட முழுகிட்டாங்கன்னு சொல்லவா? அதான் நீங்க இல்லன்னு சொல்லிட்டேன். அவரு வீட்டுக்கும் இதான் தெரியும். இப்ப மாத்திச் சொன்னா இங்க என்னெ யாரு நம்புவாங்க?"

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் ஈசு. நைனாவும் முன்ன மாதிரி இல்ல, நீ..."

"போயிடும்மா. மோரக் குடிச்சிட்டுப் போயிடு."

மோர் வந்தது. நின்றபடியே குடித்தாள். கிளம்பும்போது பஞ்சவர்ணம் மடி நிறைய அவரைக்காய் பறித்துப் போட்டாள். கேட்டைத் தாண்டும்வரை நாகவல்லி திரும்பவில்லை. தாண்டிய பிறகு திரும்பினால் ஈஸ்வரி அங்கே இல்லை.

வேலை முடிந்து வந்த செங்கல்வராயனிடம் அவள் எதையும் மறைக்கவில்லை. சோற்றைப் போட்டு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தட்டைப் பார்த்தபடி கேட்டார். குழந்தையின் பெயரைச் சொன்னபோது பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"நாம செத்துட்டமாமா?" என்று கேட்டார்.

"நாமதான மொதல்ல அவளச் சாவடிச்சோம்."

அவர் அதற்குமேல் சாப்பிடவில்லை. காலையில் அவள் எழுந்து வரும்போது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றிருந்தார்.

"இன்னிக்கும் திறந்துதான வெச்சிருப்பாங்கோ? நானும் தோட்டம் பாக்குற ஆளுதான். ஒண்ணும் பேச மாட்டேன். வா."

அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் அவரை வேண்டாம் என்று தடுக்க மனசு வரவில்லை.

போனார்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஈஸ்வரி வீட்டின் கேட் சாத்தியிருந்தது. முந்தின நாள் தொங்கிய போர்டைக் காணோம். ஜன்னல்களும் மூடிக் கிடந்தன. இருவரும் என்ன செய்வது என்று தெரியாமல் கேட்டுக்கு முன்னால் நின்றார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். கோவிந்தராஜ் என்று போர்டில் எழுதியிருந்தது.

"அவங்க இன்னைக்குத் திறக்கலை. வெளியூர் போறாங்களாம். அந்தப் பொண்ணு காலையில சொல்லிச்சு. நீங்க இங்க வாங்க, எங்க ரோஜாவைப் பாருங்க."

மறுக்கத் தெரியாமல் உள்ளே போனார்கள். அவர் ஒவ்வொரு தொட்டியாகக் காட்டி எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தது, என்ன உரம் போட்டது என்று சொன்னார். செங்கல்வராயன் குடைக்காம்பைப் பிடித்தபடி தலையாட்டினார். நடுவில் இடுப்பளவுச் சுவர்தான் இருந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், மூடிய வீட்டுக்குள்ளிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. உடனே ஒரு பெண் குரல், "ச்சூ, ச்சூ, சத்தம் போடாதே" என்று அடக்கிற்று. குழந்தையின் அழுகை திடீரென்று அமுங்கிப் போயிற்று. வாயைப் பொத்தியிருக்க வேண்டும்.

கோவிந்தராஜ் பேச்சை நிறுத்தினார். வந்தவர்களின் முகத்தைப் பார்த்தவர், எதுவோ புரிந்ததுபோலக் குனிந்து ஒரு தொட்டியை நகர்த்த ஆரம்பித்தார்.

செங்கல்வராயன் சுவரை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தார். நாகவல்லி அவர் சட்டையைப் பிடித்தாள்.

"வாணாம். பச்சப்புள்ள வாய ஈசு எவ்ளோ நேரம் பொத்திகினு இருக்கும்? நாம போனாத்தான் கை எடுக்கும். வா."

அவர் நின்றார். பிறகு கோவிந்தராஜிடம், "தோட்டம் நல்லா கீதுங்க" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக வெளியே நடந்தார். பஸ் ஸ்டாப் வரை குடையை விரிக்கவே இல்லை. தலையும் சட்டையும் நனைந்து, கண்ணிலிருந்து வழிந்தது எது என்று தெரியாதபடி இருந்தது.

கோடையில் கண்ணம்மா வேலை முடிந்து வந்து சொன்னாள். நாகேந்திரனுக்கு வடக்கே மாற்றலாகி, குடும்பத்தோடு போய் இரண்டு வாரம் ஆகிறது. போகும்போது ஈஸ்வரி அவளிடம் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

செங்கல்வராயனிடம் புதிதாகத் தெரிந்தவர்கள் யாராவது பிள்ளைகுட்டி உண்டா என்று கேட்டால், மூன்று வருஷமாக இல்லை என்றுதான் சொல்லிவந்தார். அதற்குப் பிறகு, "ஒரு பொண்ணு. வடக்க கட்டிக் குடுத்துக்கீது. ஒரு பேத்தி" என்று சொல்லத் தொடங்கினார்.

எந்த ஊர் என்று அடுத்தாற்போல் கேட்பார்கள். "வடக்க" என்றுதான் மறுபடியும் சொல்வார்.