நாற்பத்திரண்டாவது கட்டை

எழுபத்திரண்டாம் வருஷம் பல்கலைக்கழகத்து எம்.எல். வகுப்பில் சர்வதேச வணிகமும் கப்பல் சட்டமும் என்ற பிரிவை எடுத்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் பேங்க் வேலை கிடைத்து அக்டோபரிலேயே போய்விட்டார். மிஞ்சியவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி லீமா, மரக்காணம் உப்புக் கம்பெனியில் எடை போடும் குமாஸ்தா அற்புதராஜின் மகள். இன்னொருத்தி தையல்நாயகி, கிளியனூர் வாத்தியார் வீட்டுப் பெண். ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் எட்டிவிடும் ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்கள், சென்னைக்குப் போய்த்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

அந்த நாட்களை நினைத்தால் லீமாவுக்கு முதலில் ஞாபகம் வருவது லைப்ரரியின் மூலை மேஜைதான். பாடப் புத்தகம் ஒரே ஒரு பிரதி. வெளியே எடுத்துப் போக விடமாட்டார்கள். இவள் வாசிக்க அவள் எழுதுவாள். கை வலித்தால் மாற்றிக்கொள்வார்கள். தையலின் எழுத்து அச்சுப் போல இருக்கும். லீமாவின் எழுத்து பக்கத்தின் பாதிக்கு மேல் போனால் சரியத் தொடங்கும். "உன் எழுத்து படகு மாதிரி சாயுதுடி" என்பாள் தையல். மாலையில் கடற்கரை மணலில் உட்கார்ந்து, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கும் கப்பல்களைப் பார்ப்பார்கள். எந்தக் கொடி எந்த நாடு என்று பந்தயம் வைப்பார்கள். அத்தனை தூரத்தில் கொடி எங்கே தெரியும், யார் ஜெயித்தார்கள் என்று கடைசிவரை தெரியாது.

படித்தது எல்லாம் பேச்சிலும் புகுந்துகொண்டது. விற்ற சரக்கு கப்பலின் பக்கக் கம்பியைத் தாண்டும்வரை நஷ்டம் விற்றவனுக்கு, தாண்டிவிட்டால் வாங்கியவனுக்கு என்று ஒரு பாடம். ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒருநாள் பரிமாறும் அம்மாவின் கரண்டியிலிருந்து இட்லி தரையில் விழுந்தது. "தட்டு விளிம்பத் தாண்டலை. நஷ்டம் மெஸ்ஸுக்கு. வேற இட்லி வைங்க" என்றாள் தையல். பரிமாறிய அம்மா ஒன்றும் புரியாமல் இரண்டு இட்லி வைத்துவிட்டுப் போனாள்.

ஊரில் கதை வேறு. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், "ஏம்மா, படிச்சி முடிச்சா நீயே கப்பல் ஓட்டுவியா?" என்று கேட்பார்கள். லீமா சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அப்பா மட்டும் நின்று நிதானமாக விளக்கம் சொல்வார். அந்த விளக்கம் முக்கால்வாசி தப்பாகத்தான் இருக்கும். லீமா ஒருநாளும் அதைத் திருத்தியதில்லை.

இரண்டாம் வருஷம் நவம்பரில் பெருமழைக்காகப் பத்து நாள் லீவு விட்டார்கள். தையல் ஹாஸ்டலிலேயே தங்கிவிட்டாள். லீமா ஊருக்கு வந்த மறுநாள் புயல் அடித்தது. உப்பளத்துப் பாத்திகள் எது, கழுவெளிச் சதுப்பு எது என்று தெரியாமல் ஒரே தண்ணீர். காற்று அடங்கிய காலையில், ஊருக்குத் தெற்கே இருந்த குப்பத்துக் கரையில் பெரிய பெரிய உருட்டுக் கட்டைகள் வந்து ஒதுங்கின. ஏதோ ஒரு கப்பலின் மேல்தளத்தில் கட்டியிருந்த சரக்கு. ஒவ்வொரு கட்டையின் முனையிலும் சிவப்பு வட்டமும் வெள்ளை எழுத்தும் இருந்தன. குப்பத்து ஜனம் மொத்தமும் கழுத்தளவு அலையில் இறங்கி, கயிறு போட்டு, இரண்டு நாள் இழுத்துக் கரை சேர்த்தது.

மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் கட்டைகளைச் சுற்றிப் பார்த்தார். முன்னால் நின்ற ஆறு பேரின் பெயரை எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை லாரியோடு வருவதாகவும், அதற்குள் ஒரு கட்டை குறைந்தாலும் திருட்டுக் கேஸில் ஆறு பேரையும் உள்ளே தள்ளிவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஆறு பேரில் முதல் பெயர் மண்ணாங்கட்டி. அவன் மனைவி விருத்தாம்பாள் அன்று மத்தியானமே லீமா வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நீ கப்பல் சட்டந்தான படிக்கிற?"

"ஆமாக்கா."

"கடல்ல வந்தத எடுத்தா திருட்டா? அந்தச் சட்டத்துல என்னா எழுதியிருக்குது, சொல்லு."

லைப்ரரிப் புத்தகத்தில் அதற்கென்றே ஒரு அத்தியாயம் இருப்பது லீமாவுக்குத் தெரியும். பரீட்சையில் அதிலிருந்து கேள்வி வராது என்று இருவரும் சேர்ந்து தாண்டிப் போன அத்தியாயம் அது. "ரெண்டு நாள் குடுங்கக்கா, பாத்துச் சொல்றேன்" என்றாள். விருத்தாம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "படிச்சிருக்கன்னுதான வந்தேன்" என்றுவிட்டுப் போனாள். லீமாவுக்கு அப்படி ஒரு வெட்கம் அதற்கு முன்னால் வந்ததில்லை.

தபாலாபீசுக்கு ஓடி, அந்த அத்தியாயத்தை எழுதி உடனே அனுப்பு என்று தையலுக்குத் தந்தி கொடுத்தாள். மறுநாள் சாயங்காலம் வந்தது தபால் இல்லை, தையலே. திண்டிவனத்துக்கு இந்தப் பக்கம் ரோடு அறுத்துக்கொண்டு போனதால் பாதி வழி மாட்டு வண்டி, மீதி நடை. புடவை முழங்கால்வரை சேறு. பிளாஸ்டிக் பையில் சுற்றி மார்போடு அணைத்து வைத்திருந்த, புத்தகத்தைப் பார்த்துக் கையால் எழுதிய பத்தொன்பது பக்கங்களை எடுத்து நீட்டினாள். "தபால நம்பல" என்றாள். "அப்பறம், அந்தக் கட்டைங்கள நானும் பாக்கணும்."

இருவரும் அப்பாவின் மேஜையில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தார்கள். கடலில் மிதந்து வந்து ஒதுங்கிய சரக்கை எடுத்தவன் அதற்கென்று நியமித்த அதிகாரியிடம் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் அது திருட்டு இல்லை. காப்பாற்றிக் கொடுத்ததற்கான கூலி கேட்க அவனுக்கு உரிமையும் உண்டு. மறைத்தால்தான் குற்றம். இவ்வளவுதான் விஷயம். பரீட்சைக்காகப் படித்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் தாண்டியிருப்பார்கள். அன்று திரும்பத் திரும்ப ஐந்து தடவை படித்தார்கள்.

வெள்ளிக்கிழமை குப்பத்துக்குப் போனார்கள். அதிகாரியிடம் ஒப்படைப்பது என்றதும் கூட்டம் முணுமுணுத்தது. "எழுதிக் குடுத்துட்டா கட்டையும் போயிடும், காசும் வராது" என்றார் ஒரு கிழவர். தையல் சளைக்காமல் எல்லாருக்கும் மறுபடி மறுபடி சொன்னாள். கடைசியில் லாரிக்குப் பயந்தோ, இவள் பேச்சை நம்பியோ, சம்மதித்தார்கள். லீமா அப்பாவின் டேப்பைப் பிடிக்க, தையல் நீளமும் சுற்றளவும் எழுதினாள். மொத்தம் நாற்பத்தொன்று.

மண்ணாங்கட்டி லீமாவைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் குடிசைக்கு அழைத்துப் போனான். புயலில் கூரை மொத்தமும் பிய்த்துக்கொண்டு போன வீடு. இப்போது புதுக் கீற்று போட்டு நின்றது. நடு உத்திரமாகக் குறுக்கே கிடந்தது ஒரு கப்பல் கட்டை. அதன் முனையில் அரை சிவப்பு வட்டம் தெரிந்தது.

"நாப்பத்தொண்ணுன்னே இருக்கட்டும் பாப்பா" என்றான். "புள்ளைங்க மூணு நாளா மழையில கெடந்துச்சிங்க."

லீமா தலையாட்டிவிட்டாள். திரும்பி வந்து தையலிடம் சொன்னாள்.

"அப்ப நான் சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள் தையல்.

"அவங்க எங்க ஊர் ஜனம்டி. ஒரே ஒரு கட்டை."

"அந்த ஒரு கட்டைய எஸ்.ஐ. பாத்துட்டா, நாம எழுதுன கணக்கு மொத்தமும் பொய்யாயிடும். ஆறு பேருக்கும் கேஸு. கூலி கேக்க வாயே இருக்காது. நீ யாருக்கு நல்லது பண்ற?"

அலை ஓரமாகக் கொஞ்ச தூரம் நடந்தார்கள். படிப்பில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறார்கள், எல்லாம் புத்தகத்துக்குள் முடிந்த சண்டைகள். லீமாவுக்குத் தையல் மேல் கோபம் வந்தது. அவள் சொல்வது சரி என்பதாலேயே வந்த கோபம்.

திரும்பிப் போய் மண்ணாங்கட்டியின் எதிரே உட்கார்ந்தாள். தான் அவசரப்பட்டுத் தலையாட்டியது தப்பு என்று முதலில் சொன்னாள். பிறகு உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவன் கூரையை அண்ணாந்து பார்த்தான். விருத்தாம்பாள்தான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"எழுதிக்கச் சொல்லுய்யா. மத்த அஞ்சு வூட்டுக்கும் நாளைக்கி நாம மூஞ்சியக் காட்ட வேணாமா?"

"சரி, எழுது" என்றான் மண்ணாங்கட்டி. "உத்திரத்த எறக்கிடறேன்."

"இப்ப எறக்காதீங்கண்ணே. அதிகாரி வந்து பாக்கட்டும்" என்றாள் லீமா. பட்டியலின் கடைசியில் தன் சாய்ந்த எழுத்தில் சேர்த்தாள்: நாற்பத்திரண்டாவது கட்டை, புயலில் கூரை இழந்த வீட்டுக்கு உத்திரமாக இருக்கிறது.

சனிக்கிழமை விடிந்ததும் இருவரும் பஸ் ஏறினார்கள். பாண்டிச்சேரியில் மாறி, கடலூர்த் துறைமுக ஆபீசுக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டு. அங்கே இருந்த துறைமுக அதிகாரிதான் கரை ஒதுங்கும் சரக்குக்கும் அதிகாரி; பட்டியலை முழுதும் படித்தார். "இந்தப் பதவி எனக்கு இருக்குதுன்னு இந்தப் பக்கத்துல யாருக்கும் தெரியாதுன்னுல்ல நெனச்சேன்" என்றார். நகலில் சீல் குத்திக் கொடுத்தார்.

திங்கட்கிழமை லாரி வந்தது. லீமா காகிதத்தை நீட்டினாள். சப்-இன்ஸ்பெக்டர் ஒருமுறை படித்தார். சீலைப் பார்த்தார். இன்னொருமுறை படித்தார்.

"யாரு எழுதுனது?"

"நாங்கதான் சார்."

"வக்கீலா?"

"இன்னும் படிக்கிறோம் சார்."

அவர் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். காவலுக்கு ஒரு கான்ஸ்டபிளை மட்டும் விட்டுவிட்டு, லாரியைத் திருப்பச் சொன்னார். யாரும் கைதட்டவில்லை, கூச்சல் போடவில்லை. விருத்தாம்பாள் தையலின் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப் போய், புதுக் கூரையின் கீழே உட்காரவைத்து மீன் குழம்பும் சோறும் போட்டாள். பிறந்ததிலிருந்து மீன் தொடாத தையல் வெறும் சோற்றில் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டாள். "வீட்ல சொல்லிடாத" என்று லீமாவின் காதில் சொன்னாள்.

ஒன்பது நாள் கழித்துக் கடலூர் அதிகாரி வந்து ஒவ்வொரு கட்டைக்கும் நம்பர் போட்டார். மண்ணாங்கட்டி வீட்டுக்குள் குனிந்து நுழைந்து, அண்ணாந்து பார்த்து, அதற்கும் சுண்ணாம்பால் நாற்பத்திரண்டு என்று எழுதினார். இறக்கச் சொல்லவில்லை. சரக்குக்குச் சொந்தக்காரர்கள் தங்களுடையது என்று உரிமை கோரி, கூலி வந்து சேரப் பதினோரு மாதம் ஆனது. அந்த ஒரு கட்டையின் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். குப்பத்தார் வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரித்துக்கொண்டார்கள். அதற்குள் லீமாவும் தையலும் பட்டம் வாங்கியிருந்தார்கள். அந்த அத்தியாயத்திலிருந்து பரீட்சையில் ஒரு கேள்விகூட வரவில்லை.

தையலுக்குப் பம்பாயில் ஒரு கப்பல் கம்பெனியின் சட்டப் பிரிவில் வேலை கிடைத்தது. லீமாவுக்கும் அங்கேயே இடம் பார்ப்பதாக எழுதினாள். அந்த வருஷம்தான் அப்பா படுக்கையில் விழுந்தார். லீமா திண்டிவனம் கோர்ட்டில் வக்கீலாகப் பதிந்துகொண்டாள். வரப்புத் தகராறு, ஜீவனாம்சம், பாகப்பிரிவினை என்று வழக்குகள் வந்தன. கப்பல் ஒன்றும் திண்டிவனத்துக்கு வரவில்லை. வருத்தமாக இருந்ததா என்றால் இருந்தது; ஆனால் வேலை பிடித்துப் போயிற்று. பம்பாய்க் கடிதங்கள் முதலில் வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதத்துக்கு ஒன்று, அப்புறம் பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அட்டை என்று குறைந்துகொண்டே வந்தன. சண்டை ஒன்றும் இல்லை. இருவருக்கும் வேலை இருந்தது, அவ்வளவுதான்.

எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம் கிளியனூரில் தையலுக்குக் கல்யாணம். லீமா முதல்நாளே போனாள். பட்டுப் புடவையில், சுற்றிலும் சொந்தக்காரர்கள் நிற்க, தையல் யாரோ போல இருந்தாள். பயணம் எப்படி, அம்மா எப்படி என்று கேட்டுக்கொண்டார்கள். பிறகு தையல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு, பம்பாய்க்கார மாப்பிள்ளையிடம் அவளை இழுத்துப் போனாள்.

"இவதான் லீமா" என்றாள். லீமாவின் கையைப் பிடித்தபடியே நின்றாள். யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். இருவரும் போகவில்லை.