ஊதிக் காட்டு

கடைசி பெனால்ட்டியை உதைக்க வந்தவள், பந்தை வைத்துவிட்டு ஒரு மூலையை ஓரக்கண்ணால் பார்த்தாள். பார்த்த பக்கம் அடிக்க மாட்டாள் என்று கோல்கீப்பரின் தண்ணீர் பாட்டிலில் எழுதியிருந்தது. எதிரணியில் யார் எந்தப் பக்கம் உதைப்பார்கள் என்று சீட்டெழுதி பாட்டிலில் ஒட்டிக்கொள்வது கோல்கீப்பர்களின் வழக்கம். அந்தச் சீட்டின் கடைசி வரி மட்டும் வேறு விஷயம்: 'தோற்றால் உடனே அக்காவுக்கு போன்.'

கோல்கீப்பர் மறுபக்கம் பாய்ந்தாள். பந்து உள்ளங்கையில் அறைந்த வலி தோள்வரை ஏறியது. அப்புறம் ஒரே இரைச்சல். கோப்பை அவர்களுக்கு!

"பூட்டு! பூட்டு!" என்று கத்திக்கொண்டே தோழிகள் அவளைத் தோளில் தூக்கிவிட்டார்கள். கோலைப் பூட்டி வைப்பவள் என்று அணியில் அவள் பெயர் அதுதான். மொத்த மைதானமும் ஆடிக் குலுங்கியது. அந்த உயரத்தில்தான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தோற்றால் என்ன செய்வது என்று யோசித்து வைத்திருந்தாள். ஜெயித்தால்? குடியை விட்டு எழுபத்தொரு நாள். துக்கத்துக்குக் குடித்ததைவிட சந்தோஷத்துக்குக் குடித்ததுதானே அதிகம்?

போன வருஷம் கோப்பை ஜெயித்த அன்று, குடித்துவிட்டு அக்கா மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுவரில் மோதினாள். ஏழு வயதுக் குழந்தைக்கு முழங்கை முறிந்தது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதற்கப்புறமும் இரண்டு முறை சத்தியம் பண்ணி, இரண்டு முறையும் மீறினாள். நேற்று அக்கா போனில் சொன்னாள்: "ஆட்டம் முடிஞ்சதும் கேட்கிட்ட நிப்போம். ஊதிக் காட்டு. வாடை வந்துச்சோ, சித்தின்னு இனி உனக்கு யாரும் இல்லைன்னு எம் பொண்ணுகிட்ட சொல்லிடுவேன்."

உடை மாற்றும் அறையில் கேப்டன் கோப்பை நிறைய பீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆள் குள்ளம், ஓட்டம் வேகம், அதனால் சுண்டெலி.

"தடுத்தவளுக்குத்தான் முதல் வாய்! வாடி பூட்டு!"

நுரை அவள் மூக்கைத் தொட்டது. தாகம் இல்லை, ஆசைகூட இல்லை. உள்ளே பொங்கி நின்ற சந்தோஷத்தை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும் போலிருந்தது. அவள் உடம்புக்குத் தெரிந்த இடம் இது ஒன்றுதான்.

"வேணாம்டி."

"ஜெயிச்ச நாள்ல என்னடி சாமியார் வேஷம்? ஒரே ஒரு வாய்!"

"ஒரு வாய்ல நிறுத்தினதை நீ எப்பவாவது பார்த்திருக்கியா சுண்டெலி?"

சுண்டெலி பார்த்ததில்லை. பிறகு அவளே, "சரி, குடிக்காதவளுக்குக் குளியல்!" என்று கோப்பையை அப்படியே அவள் தலையில் கவிழ்த்தாள். அறை அதிர்ந்தது. பூட்டும் சிரித்துவிட்டாள், உதட்டை இறுக்கிக்கொண்டு. கன்னத்தில் வழிந்து வாயோரம் வந்ததைத் துண்டால் அழுத்தித் துடைத்தாள். குளித்துவிட்டுப் போகலாம், பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷத்தை அவள் நம்பவில்லை. கையுறையைக்கூடக் கழற்றாமல், பூட்ஸ் தடதடக்க ஓடினாள்.

கேட்டில் நின்ற அக்காவின் முகம் அவளைக் கண்டதும் மலர்ந்தது. காற்று வாடையைக் கொண்டுவந்தது. முகம் மூடிக்கொண்டது.

"வாடி கண்ணு, போலாம்" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா, மேலதான் ஊத்திட்டாங்க..."

"போன தடவையும் சட்டையிலதான் கொட்டிச்சுன்னே."

அது உண்மை. அதே வாய், அதே சொல். இப்போது நிஜத்தைச் சொன்னால் அதற்கு மட்டும் வேறு குரலா வரும்?

"ஊதறேன்க்கா. நீதானே சொன்னே?"

அக்கா நின்றாள். திரும்பி வந்து அவள் மோவாயை அழுத்திப் பிடித்தாள். பூட்டு வாயைத் திறந்தாள். ஊதினாள்.

"இன்னொரு தரம்."

ஊதினாள்.

"என்னடி இது, ஆரஞ்சா?"

"இடைவேளையில சுளை குடுத்தாங்க."

அக்கா மோவாயை விடவில்லை. ஆனால் பிடி தளர்ந்துவிட்டிருந்தது.

"சித்தி, எனக்கு ஊது! எனக்கு!" என்று குதித்த குழந்தை, கிட்டே வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஐயே! தலை நாறுது!"

"போய்க் குளிச்சிட்டு வா. இருக்கோம்" என்றாள் அக்கா.

"உள்ள போக மாட்டேன்க்கா."

அக்கா ஒரு கணம் தங்கையையே பார்த்தாள். அவள் இதுவரை போகமாட்டேன் என்று சொல்லிக் கேட்டதில்லை. கேட்டருகில் புல்லுக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாய் கிடந்தது.

"உக்காருடி எருமை."

அக்கா விரல் விட்டு முடியை அலசினாள். வலிக்க வலிக்க, சின்ன வயதில் அலசுகிற மாதிரியே. உள்ளேயிருந்து "பூட்டு! பூட்டு!" என்று சத்தம் கூரையைப் பிய்த்தது. குழாயைப் பிடித்திருந்தது குழந்தை. முழுசாக நீட்ட வராத அந்தக் கையால்தான். குறி தவறித் தவறி மூன்று பேரையும் நனைத்தாள்.