தலை குளிப்பாட்டிய மாலை

சித்தியின் முடி திருத்தும் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் சின்னவளின் நடை தானாகத் தளர்ந்துவிடும். நாற்பதைத் தாண்டியும் வீட்டில் அவள் சின்னவள்தான்.

அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது. பிறவியிலேயே கட்டைக் குரல். பள்ளிப் பேருந்தில் அவள் ஏறியதும் பின் இருக்கையிலிருந்து தவளைச் சத்தம் கிளம்பும். காலி இருக்கைகளில் எல்லாம் மளமளவென்று பைகள் வந்து உட்காரும். கம்பியைப் பிடித்தபடி நின்றே வருவாள். ஒரு கட்டத்தில் பேருந்தே வேண்டாமென்று நடக்க ஆரம்பித்தாள். வீட்டில் கேட்டால், பஸ் லேட் என்று ஒரு பொய்.

ஒரு மழைநாளில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நடந்துபோவதைக் கடைக் கண்ணாடி வழியாகச் சித்தி பார்த்துவிட்டாள். உள்ளே கூப்பிட்டாள். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்காலியில் சாய்த்து, வெந்நீர் விட்டு, தலைக்கு ஷாம்பூ தேய்த்தாள். நுரை விழாமலிருக்க சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். யார் முகத்தையும் பார்க்க வேண்டியிராததால் மனசு அவிழ்ந்தது. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். சித்தி "ம்" கொட்டினாளே தவிர, குறுக்கே பேசவில்லை.

கடைசியில், "அம்மாகிட்ட சொல்லணும்டி. நீ பக்கத்துல இருக்கும்போதுதான் சொல்வேன். உனக்குத் தெரியாம ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றாள்.

அம்மா கொதித்துப்போனாள். "யாருடி அவளுங்க? வீடு எங்கன்னு சொல்லு, நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்."

அப்பா வேறு மாதிரி. "காதுல வாங்காம இருந்தா தானா அடங்கிடும்."

"காதைக் கழட்டி வீட்டுல வச்சிட்டா போக முடியும், மாமா?" என்றாள் சித்தி. பிறகு சின்னவளிடம் திரும்பி, "உனக்கு என்ன பண்ணணும்னு தோணுது?" என்று கேட்டாள்.

அதுவரை அப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. வெகுநேரம் யோசித்து, "சண்டை வேண்டாம். பஸ்ல உட்காரணும், அவ்வளவுதான்" என்றாள்.

மறுநாள் அம்மாவும் சித்தியும் அவளோடு தலைமையாசிரியை அறைக்குப் போனார்கள்.

"பிள்ளைங்க விளையாட்டா பண்ணியிருப்பாங்க" என்றார் தலைமையாசிரியை.

"ரெண்டு பக்கமும் சிரிச்சாதாங்க அது விளையாட்டு. இவ நடந்தே வீட்டுக்கு வரா" என்றாள் சித்தி.

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சின்னவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி முதலிலிருந்து கேட்டார். அடுத்த நாளிலிருந்து பேருந்தில் ஓர் ஆசிரியை வந்தார்; சின்னவளும் மறுபடி பேருந்தில் ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். பின் இருக்கைப் பெண்களின் வீடுகளுக்கும் ஆள் போனது.

சத்தம் அடங்கியது. ஆனால் கொஞ்ச நாளில் பள்ளி வராந்தாவில் மறுபடி தலைதூக்கியது. சின்னவள் சோர்ந்துபோனாள். சித்தி அசரவில்லை. "ஒரு தடவை கூட்டினா வீடு சுத்தமாயிடுமா? மறுபடியும் போவோம்" என்று கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள். அப்புறமும் போனாள்.

இடையில் தினமும் ஒரே கேள்விதான் கேட்பாள். கிண்டல் பண்ணாங்களா என்றல்ல. "இன்னைக்கு யார்கூட பேசின?"

"யார்கூடயும் இல்ல" என்ற பதிலே பல நாள் வந்தது. அப்புறம் ஒரு நாள் பேருந்தில், மூக்குக்கண்ணாடி போட்ட நெட்டைப் பெண் ஒருத்தி தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். "முன்னாடியே எடுத்திருக்கணும். பயமா இருந்துச்சு" என்றாள்.

சின்னவள் உட்கார்ந்தாள். முதல் நாள் கணக்குப் பாடம் பற்றிப் பேசினார்கள். பத்தே நாளில் பேச்சு எங்கெங்கோ போனது. ஒரு சாயங்காலம் பேச்சு சுவாரஸ்யத்தில் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டு, கடைசி நிறுத்தத்தில் போய் இறங்கி இருவரும் திரும்பி நடந்தார்கள்.

வாசலில் அம்மா காத்துக்கொண்டு நின்றாள். "எங்கடி ஊர் சுத்திட்டு வர?" என்று பிடித்துக்கொண்டாள்.

சித்தி உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். "நல்லா திட்டுக்கா. இந்தத் திட்டுக்குத்தானே இத்தனை நாள் அலைஞ்சோம்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திட்டை மறந்து, நெட்டைப் பெண்ணையும் சாப்பிட உள்ளே கூப்பிட்டாள்.