தறிக் காய்ப்பு என்று நினைத்தது

என் மனைவி மஹாலட்சுமியும் நானும் பக்கத்துப் பக்கத்துத் தறியில் இருபத்திரண்டு வருஷம் நெய்தோம். நெய்கிறவர்களுக்கு வயிற்றில் ஒரு காய்ப்பு இருக்கும். நெய்த சேலையைச் சுருட்டும் படமரம் நாள் முழுக்க அங்கே உரசி, தோல் கறுத்துவிடும். எங்கள் தெருவில் அதை யாரும் புண் என்று சொல்லமாட்டார்கள்.

அதனால்தான் ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்து, உடம்பில் புண் ஏதாவது இருக்கிறதா என்று டாக்டர் கேட்டபோது, நான் முந்திக்கொண்டு இல்லை என்றேன். அவள் இடுப்பைத் தொட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அது தறிக் காய்ப்பு என்று அடக்கிவிட்டேன். எல்லாம் தெரியும் என்ற திமிர் எனக்கு.

ஆறு நாள் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. ஏழாம் நாள் மூச்சு வாங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே முசரவாக்கத்து நர்ஸ் நதியா, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் புடவையைத் தளர்த்திப் பார்த்தாள். இடுப்போரம் ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. புதர்ப் பக்கம் போனீர்களா என்றாள். தெருக்கோடிப் புதரோரம்தான் தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டியிருந்தோம். கண்ணுக்கே தெரியாத உண்ணிக் குஞ்சு அங்கே கடித்திருக்கிறது.

அந்தக் கடியில் உடம்புக்குள் போன கிருமிக்குத் தனியாகப் பிழைக்கத் தெரியாது என்றார் அங்கிருந்த டாக்டர். ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்லுக்குள் புகுந்து, அங்கிருக்கும் சத்தைத் தின்று பெருகும். பிறகு அந்தச் செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு வெளியே வந்து அடுத்ததற்குப் போகும். அவளுக்குப் போட்ட ஊசி மருந்தால் அதை ஒன்றும் செய்ய முடியாது. செல்லுக்குள் போய் அதை அடக்கும் மருந்து ஒரு சாதாரண மாத்திரைதானாம்.

அந்த மருந்தையும் கொடுத்தார்கள். அதற்குள் நுரையீரலும் சிறுநீரகமும் கெட்டிருந்தன. மூன்றாம் நாள் மத்தியானம் மஹாலட்சுமி போய்விட்டாள்.

வராண்டாவில் நதியாவை நிறுத்திக் கேட்டேன்.

"அன்னிக்கே நான் காட்டியிருந்தா?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"ரெண்டு நாள்ல ஜுரம் வுட்டிருக்கும்ணா. எழுந்து உக்காந்திருப்பாங்க."

அவள்மேல் எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? சொல்லியிருந்தால் இன்று நான் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடுவேன். ஆனால் போன வாரம் எதிர்வீட்டுக் குமரகுருவுக்குக் காய்ச்சல் என்றதும், ஓடிப்போய் அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்திருக்கமாட்டேன்.